பெயர் போடுவதில் ஒரு வம்பு

ஆராய்ச்சி செய்வதைவிடக் கஷ்டமான வேலை, கட்டுரைத் தலைப்புக்குக் கீழே யார் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று முடிவு செய்வதுதான். கொல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருஷமாக என்.எம்.ஆர். கருவியைக் கட்டி மேய்க்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போன சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது :-)

எங்கள் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் ராப்பகலாக வேலை செய்த மாணவருடையது. கடைசிப் பெயர் பேராசிரியருடையது. நடுவில் இருப்பவர்கள் 'மற்றும் பலர்'. கணிதக்காரர்கள் இந்த வம்பே வேண்டாமென்று அகரவரிசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்ன் குழுக்கள் இரண்டும் சேர்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டன. ஆசிரியர்கள் 5,154 பேர்! மொத்தம் 33 பக்கம், அதில் விஷயம் 9 பக்கம்தான். மிச்சமெல்லாம் வாக்காளர் பட்டியல் மாதிரி பெயர்களும் நிறுவனங்களும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு ராமன் - கிருஷ்ணன் கதையைச் சொல்லாமல் விட முடியுமா? 1928-ல் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் நடந்த ஆய்வு. நேச்சர் இதழில் மார்ச் 31 அன்று வந்த குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும். நம்ம வத்திராயிருப்புக்காரர் கே.எஸ்.கிருஷ்ணனுக்கு அநியாயம் நடந்தது என்று ஒரு கட்சி, 1921-லிருந்தே ஒளிச்சிதறலைத் துரத்தியவர் ராமன்தானே என்று இன்னொரு கட்சி. ஒன்றிரண்டு மாத உழைப்பையும் ஏழு வருஷத் தேடலையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் அந்த ஒன்றிரண்டு மாதத்தில் கருவிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்பதும் முக்கியம்தான். கிருஷ்ணன் பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், அதனால் அவர் பெயர் தங்கியது.

அதே கட்டடத்தில் ஆசுதோஷ் தே என்று ஓர் உதவியாளர் இருந்தார். ராமன் அவரை இணை ஆசிரியராகப் போட்டே கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னால்!

சரி, நம் கதைக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் எல்லோரும் 'தாதா' என்று கூப்பிடும் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர். பள்ளிப் படிப்புதான். வாராவாரம் கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவார். போன வருஷம் ஒரு புரத ஆய்வில் எங்கள் அளவீடுகள் ஒருநாள் போல் மறுநாள் வரவில்லை. மாணவி அழாத குறை. மாதிரி கெட்டுவிட்டது, கணக்கு தப்பு என்று நாங்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். தாதா தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏசி திணறும் நாட்களில்தான் எண்கள் நகர்கின்றன, ராத்திரி ஓட்டிப் பாருங்கள் என்றார். ராத்திரி ஓட்டினோம். கட்டுரை பிறந்தது.

எட்டுப் பெயர் போட்டார்கள். தாதா பெயர் இல்லை. கேட்டதற்கு, "நன்றியுரையில் போட்டாச்சே" என்றார் பேராசிரியர். அவர் நல்ல மனுஷர்தான், வழக்கம் அப்படி.

மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு சொல்லும் நிபந்தனைகள் நான்கு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. இரண்டாவதில் தாதா அடிபடுவார் என்றார்கள். ஆனால் முதல் நிபந்தனையைத் தாண்டியவருக்கு மற்றவற்றைச் செய்ய வாய்ப்பு தர வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. 2014-ல் வந்த 'கிரெடிட்' பட்டியலில் யார் என்ன செய்தார் என்று குறிக்க 14 பங்களிப்புகள் உண்டு. அளவீடு செய்தது, தரவைப் பராமரித்தது எல்லாம் அதில் தனித்தனிப் பங்களிப்புகள்தான்.

இன்னொரு பெயர் சேர்ந்தால் தங்கள் மதிப்பெண் குறையும் என்று மாணவர்களுக்குப் பயம். 2010-ன் யுஜிசி விதிப்படி அது நியாயம், முதன்மையானவர்கள் போக மிச்சத்தை மற்றவர்கள் சமமாகப் பங்கு போட வேண்டியிருந்தது. 2018 விதிப்படி இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியர்களுக்கு 70 சதவீதம், இணை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் 30. எட்டு ஒன்பதானால் யாருக்கும் நஷ்டமில்லை. அச்செடுத்து ஒட்டிவைத்தேன்.

அப்புறம் இரண்டு சனிக்கிழமை, கேன்டீனில் தாதாவும் நானும் உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் வாசித்தோம். நான் என் ஓட்டை வங்காளத்தில் வரிவரியாகச் சொல்ல, அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். செய்முறைப் பகுதியில் நிறுத்தினார். "25 டிகிரின்னு போட்டிருக்கு சார். நாம ஓட்டினது 30-ல்." நோட்டைப் பார்த்தோம். 30 தான். எட்டு ஆசிரியர்களும் ஒப்புதல் கொடுத்திருந்த பக்கம் அது.

திருத்தத்தோடு பேராசிரியரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் முழுப்பெயர் என்ன, எப்படி எழுதுவார்?" என்று கேட்டார். இத்தனை வருஷமாகத் தாதா என்றே கூப்பிட்ட எனக்கும் எழுத்துக்கூட்டல் தெரியாது, சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். நவம்பரில் தாதா ஓய்வு பெறுகிறார். இதழ் அதற்குள் பதில் சொல்ல வேண்டும். வரிசையில் ஆறாவதா ஏழாவதா என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. தாதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் பொண்ணு கூகிள்ல தேடினா வருமா சார்?"