சான்று கூறுவார் யார்?

அறிமுகமற்ற ஒருவரை நம்புவதற்கு அறிமுகமான ஒருவரின் சொல் துணை வேண்டும். இவ்வுண்மையைச் சிலிபின் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு அவர்தம் முன்னோருள் பலர் வந்து சேர்ந்ததே அவ்வழியில்தான். தோட்டத்துரை தொழிலாளியை அறியார். உரிமச் சீட்டுப் பெற்று ஊர் சென்று ஆள் சேர்த்த கங்காணியை அறிவார். 1938இல் இந்திய அரசு அக்குடிபெயர்வைத் தடை செய்யும்வரை அச்சங்கிலி கடல் கடந்து நீண்டிருந்தது.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் வங்கியின் இணையத்தளத்தைத் திறக்கும்போதும் அத்தகைய சங்கிலியே இயங்குகிறது. உலாவி அத்தளத்தை நேரில் அறியாது. தளம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் தளத்தின் பெயரும், செல்லுபடியாகும் காலமும், சான்றளித்த நிறுவனத்தின் மின்கையொப்பமும் உண்டு. அந்நிறுவனத்திற்குப் பிறிதொன்று சான்று கூறும். இறுதியில், உலாவி முன்னரே ஏற்றுக்கொண்ட மூலச் சான்றிதழில் சங்கிலி சென்று முடிதல் வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் எச்சரிக்கை தோன்றும்.

எச்சரிக்கையைக் கண்டவர் முதலில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு: எச்சரிக்கை எல்லாத் தளங்களிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் வருமாயின் குறை பெரும்பாலும் நம் பக்கத்தது. கணினியின் தேதி பிழைபட்டிருக்கலாம். உணவகத்து வைஃபை குறுக்கிடலாம். கருவி பழமையானதாய்ப் புதிய மூலச் சான்றிதழ்களை அறியாதிருக்கலாம். 2021 செப்டம்பர் 30ஆம் நாள் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, பழங்கருவிகள் பல நல்ல தளங்களையும் ஐயுற்றது இதனாலேயே. ஒரு தளத்தில் மட்டும் வருமாயின், அதன் சான்றிதழ் காலங்கடந்திருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கலாம், அன்றி, இடையில் ஒருவன் ஏமாற்ற நிற்கலாம். காரணம் தெளியும்வரை அங்கே கடவுச்சொல் இடலாகாது.

சான்று கூறுவோரே தவறுவதும் உண்டு. 1997லேயே மின்கையொப்பச் சட்டம் இயற்றிய மலேசியாவில் அது நிகழ்ந்தது. டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்னும் நிறுவனம், 512 பிட் அளவே உடைய வலுவற்ற சாவிகளுக்கு 22 சான்றிதழ்கள் வழங்கியிருந்தது 2011 நவம்பரில் வெளிப்பட்டது. (அதே பெயருடைய அமெரிக்க நிறுவனம் வேறு.) அது வழங்கிய சான்றிதழ் ஒன்றைக் கொண்டு தீநிரலுக்குக் கையொப்பமிடப்பட்டிருந்ததும் அம்மாதமே தெரியவந்தது. மொசில்லாவும் மைக்ரோசாப்டும் அந்நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. கங்காணியின் சொல் பொய்த்தால் அவர் அழைத்து வந்த நல்லவரும் ஐயத்திற்கு உள்ளாவர் அன்றோ!

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. எச்சரிக்கை இல்லாமையே நேர்மைக்குச் சான்றாகாது. சான்றிதழ் தளத்தின் பெயரை மெய்ப்பிக்கும். அதனை நடத்துவோரின் குணத்தை மெய்ப்பிக்காது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்ட வஞ்சகனும் முறையான சான்றிதழ் பெறக்கூடும். ஆதலின் முகவரியை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும்.

தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கைப்பேசி வழியே கையாளும் முதியோர் உளர். அவர் எச்சரிக்கையைக் கண்டு தயங்கும்போது, படித்த பேரன் அதனைப் பாராமலே ‘தொடர்க’ என்று அழுத்திக் கொடுத்தல் உதவியாகாது. அம்முதியவரின் தயக்கமே அறிவுடையது. அதனைப் படித்துக் காட்டிப் பொருள் சொல்வதே கற்றவர் கடன்.