ஓடாத ரயில்

அயல்நாட்டுப் பிரயாணம் செய்து திரும்புகிறவர்கள், அங்கே ரயில் எவ்வளவு வேகமாய் ஓடிற்று என்று வர்ணிப்பது வழக்கம். நாமோ ஜப்பான் தேசத்தில் ஓடாமல் நின்ற ஒரு ரயிலைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அத்தேசத்தில் நாம் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அந்த ரயிலால் கிடைத்ததுதான்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, சனிக்கிழமை காலை, டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. டிக்கெட்டுகள் கையில் இருந்தன. கியோட்டோவில் விடுதிக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால், 'ஹகிபிஸ்' என்னும் புயல் வருவதால் மறுநாள் டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே ஷிங்கான்சென் அதிவேக வண்டி ஒன்றுகூட ஓடாது என்று 11ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். தெருவில் ஜனங்கள் வழக்கம்போல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். "நம் ஊரில் முழங்காலளவு தண்ணீரிலும் பஸ் விடுவார்களே, ஸார்!" என்று உடன் வந்த நண்பர் பெருமூச்சு விட்டார்.

ரயில் நிலையத்தில் நீண்ட வரிசை. கூச்சலோ வாக்குவாதமோ இல்லை. டிக்கெட் பணத்தைப் பிடித்தமின்றி முழுவதும் திருப்பிக் கொடுத்தார்கள். உலகக் கோப்பை ரக்பி பந்தயங்கள் இரண்டுகூட அன்றைய தினத்துக்கு ரத்தாயின. கடைகளில் ரொட்டி தீர்ந்துவிட்டது. விடுதிக்கார அம்மாள், குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கும்படி சைகையாலேயே விளக்கினார்.

12ஆம் தேதி மாலை 6.22 மணிக்கு, புயல் போதாதென்று, பூமியும் ஒரு முறை குலுங்கிற்று. ஏழு மணியளவில் இஸு தீபகற்பத்தில் புயல் கரையேறியது. ஹகோனே மலையில் அன்று ஒரே நாளில் பெய்த மழை 922.5 மில்லிமீட்டர். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! நாம் போகவேண்டிய ரயில் பாதை அம்மலையின் அடிவாரத்தை ஒட்டித்தான் செல்கிறது.

அங்கும் எல்லாம் குறைவின்றி நடந்துவிடவில்லை. அப்புயலில் சுமார் நூறு பேர் மாண்டார்கள். நாகானோவில் ஆற்றின் கரை உடைந்து, பணிமனையில் நின்ற பத்து அதிவேக வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. ஆனால் அவை காலி வண்டிகள்.

இவ்வாறு முன்கூட்டியே வண்டிகளை நிறுத்தும் வழக்கம் அங்கும் புதியதே. 2014ஆம் ஆண்டில் மேற்கு ஜப்பான் ரயில்வே இதைப் பெரிய அளவில் செய்தபோது, புயல் எதிர்பார்த்த அளவு தாக்கவில்லை. 'வீண் பயம்' என்று குறை கூறினவர்கள் உண்டு. ஏச்சைக் கேட்டுக்கொண்டும் அவர்கள் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

ஜப்பானில் முதல் ஷிங்கான்சென் ஓடத் தொடங்கியது 1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயிலைப் புயல் கொண்டுபோயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. அன்றிரவு அந்த வண்டி பாம்பனிலேயே நின்றிருந்தால்?

நம் தேசமும் இப்பாடத்தைக் கற்காமலில்லை. பாம்பன் பழைய பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு பிற்காலத்தில் செய்யப்பட்டது. ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் புயல் ஏறக்குறைய பதினாயிரம் உயிர்களைப் பலி கொண்டது. 2013ஆம் ஆண்டு பைலின் புயலின்போதோ, சுமார் பத்து லட்சம் ஜனங்களை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது. அந்நிய நாட்டாருக்குச் சற்றும் இளைக்காத காரியம் இது.

ஆயினும் ஜனங்களாகிய நாம் கற்க வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. மழை வருமென்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, அன்று வெயில் காய்ந்துவிட்டால், ஊரெல்லாம் கலெக்டரைக் கேலி செய்கிறோம். பள்ளிக்கூடத்திலேயே காலம் கழிக்கும் நாம் இதை ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். அக்கேலிக்கு அஞ்சி அடுத்த தடவை ஓர் அதிகாரி ஒரு மணி நேரம் தயங்கினால், அதன் விலையை யார் கொடுப்பது? நிறுத்தத் தெரிந்த அதிகாரிகள் நமக்குக் கிடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நின்ற வண்டிக்காகக் கோபிக்காத பிரயாணிகளும் வேண்டும். அதை வீட்டிலிருந்தே குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.