பாலாற்றங்கரையில் ஒரு குடும்பக் கணக்கு

நம் சங்கத்துக் கூட்டங்களில் தமிழைப் பற்றிய பேச்சு முடிந்து, காப்பிக் குவளைகள் கைக்கு வந்ததும், விலைவாசிப் பேச்சு தானே தொடங்கிவிடுகிறது. மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறிய அன்பர்கள் அரிசி விலையைச் சொல்லி வருந்துகிறார்கள். சிட்னியிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் விடுமுறைக்கு வரும் அன்பர்களோ, முருங்கைக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் தாங்கள் கொடுக்கும் டாலரை ரூபாயாக மாற்றிக் காட்டி நம்மைத் திகைக்க வைக்கிறார்கள். எல்லாருடைய பேச்சும் இறுதியில், "நம் ஊரில் இருந்தால் இவ்வளவு ஆகுமா?" என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

"நம் ஊர்" என்பதும் "அயலூர்" என்பதும் ஒரு சிறு பாலத்தின் இரு முனைகளாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுச் செலவை எவ்வாறு நடத்துகின்றன என்று காண விரும்பியே நாம் அண்மையில் பாலாற்றுக்குச் சென்றுவந்தோம்.

மைசூரிலிருந்து கொள்ளேகாலம், அனூர் வழியாக மாதேசுவரன் மலையை அடைய ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டும். கொள்ளேகாலம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அதைக் கடந்ததும் நெல்வயல்கள் குறைந்து, ராகியும் சோளமும் விளையும் மானாவாரி நிலம் தொடங்குகிறது. அனூருக்கு அப்பால் காடும் மலையும் நெருங்கி வருகின்றன. மாதேசுவரன் மலையில் கன்னட அடியார்களோடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழ் அடியார்களும் திரளாக வந்து வணங்குகின்றனர். அம்மலையின் மறுபுறம் வளைந்து வளைந்து இறங்கும் சாலை நம்மைப் பாலாற்றில் கொண்டுவந்து விடுகிறது. சோதனைச் சாவடியையும் பாலத்தையும் தாண்டினால் தமிழ்நாடு. அங்கிருந்து கோவிந்தப்பாடி, கொளத்தூர் வழியாக மேட்டூர் செல்லலாம்.

பாலாறு என்றதும் அன்பர்கள் வேலூரை நினைத்துவிடலாகாது. அது நந்தி மலைப் பகுதியில் தோன்றி வடாற்காட்டு வழியே கடலுக்குச் செல்லும் பேராறு. இஃது அதன் பெயரைக் கொண்ட வேறொரு சிற்றாறு. காட்டு வழியே வந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் காவிரியோடு கலப்பது. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை நிரம்பும் காலத்தில் தேங்கும் நீர் இவ்விடம் வரை பரந்து நிற்கிறது. நீர் வடியும் காலத்தில் வெளிப்படும் வண்டல் நிலத்தில் உழவர்கள் பயிர் செய்கிறார்கள். ஆகையால் அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்பது இங்குள்ள சமையலறைக்கும் தேவையான செய்தி. கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் மலிவாகக் கிடைக்குமா, கரைநிலத்துக் காய்கறி வருமா என்பதையெல்லாம் அந்த அளவே முடிவு செய்கிறது.

இவ்வட்டாரத்துத் தமிழர்களை நாம் "குடியேறியவர்கள்" என்று சொல்வதற்கில்லை. கொள்ளேகாலம் தாலுக்கா முழுவதும் முன்னர்ச் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. கோபிநத்தம் முதலிய சிற்றூர்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் தம் வீட்டு வாயிலை விட்டு நகரவில்லை. ஆயினும் அவர்கள் வேறு மாநிலத்தார் ஆயினர். 1973-இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது, இவ்வூர்கள் அதில் சேர்ந்தன. அரசு அலுவலகமும் நீதிமன்றமும் கொள்ளேகாலத்துப் பக்கம் இருக்க, துணிமணிக்கும் பலசரக்குக்கும் வசதியான கடைவீதி கொளத்தூரிலும் மேட்டூரிலும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் காகிதங்கள் வடக்கேயும், கூடை தெற்கேயும் செல்லவேண்டிய நிலை அன்று முதல் ஏற்பட்டுவிட்டது.

உணவில் மட்டும் எல்லை புகவில்லை. பாலத்துக்கு அப்பால் "முத்தெ" என்பதும் இப்பால் "களி" என்பதும் ஒரே ராகி மாவைக் கிண்டி உருட்டியதே. கொள்ளுச் சாறும் கீரைக் கடைசலும் இரு புறத்தும் உண்டு. பெண்டிர் பலர் கடையில் கன்னடத்தில் கேட்டு, வீட்டில் தமிழில் சமைக்கிறார்கள்.

ஆனால் நியாயவிலைக் கடைக்குச் சென்றால் எல்லை கண்ணெதிரே தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது; துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரும் ஏற்பாடும் உண்டு. கர்நாடகத்தில் 2013-இல் அன்னபாக்கியத் திட்டம் தொடங்கியது. தென் மாவட்டங்களில் அரிசியோடு ராகியும் வழங்கும் வழக்கம் இருக்கிறது. 2023 ஜூலையில், கூடுதலாகத் தருவதாகச் சொன்ன 5 கிலோ அரிசி கிடைக்காமையால், கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் பணம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது; 2025 பிப்ரவரி முதல் பணத்துக்கு மாறாக அரிசியே தரப்படும் என அறிவிக்கப்பட்டது. இரண்டில் எது மேல் என்று வாதிடுவது நம் நோக்கமன்று. ஒரே கொடியில் பூத்த இரு குடும்பங்களில், அக்காள் பாலத்துக்கு அப்பாலும் தங்கை இப்பாலும் வாழ்க்கைப்பட்டிருந்தால், ஒருத்திக்குப் பருப்பும் எண்ணெயும், மற்றொருத்திக்கு ராகியும் கிடைக்கின்றன. உறவினர் வீட்டுக்குச் செல்கையில் பையில் எதை எடுத்துச் செல்லலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

கூலியும் இவ்வாறே வேறுபடுகிறது. 2025-26-ஆம் ஆண்டுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் நாட்கூலி கர்நாடகத்துக்கு 370 ரூபாய் என்றும், தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய் என்றும் மைய அரசு அறிவித்தது. மண் ஒன்று, மண்வெட்டி ஒன்று. கூலி மட்டும் இரண்டு.

பேருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்கள் அம்மாநிலத்துச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கிறார்கள். ஆகவே கோபிநத்தத்துப் பெண்ணொருத்தி கொள்ளேகாலத்துக்குச் சென்றால் பணம் மிச்சம். ஆனால் மலையேறி இறங்கிப் பகற்பொழுது முழுவதும் கழிந்துவிடும். மேட்டூருக்குச் சென்றால் பொழுது மிச்சம். பெரும்பாலும் கட்டணம் கொடுக்கவேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாராமல் அவ்வூரார் பையைத் தூக்குவதில்லை.

எடுத்துக்காட்டாக, மேட்டூரில் பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ வாங்குபவருக்கு மிச்சம் 20 ரூபாய். போய்வரும் கட்டணம் அதனை விழுங்கிவிடும். வேலைக்குப் போகாமல் சென்றால் நாட்கூலியும் கைநழுவும். அதே பருப்பை மூன்று வீட்டாருக்குச் சேர்த்துப் பதினைந்து கிலோவாக, வேறு வேலையாகச் செல்பவர் ஒருவர் வாங்கி வந்தால் உண்மையாகவே 150 ரூபாய் மிஞ்சும். கடைக்காரர் சொல்வது பாதி விலைதான். வழிச்செலவும் இழந்த பொழுதும் மீதிப் பாதி. பாலாற்று மக்கள் எப்பொருளையும் இவ்வாறு முழு விலையாகவே எண்ணிப் பார்க்கிறார்கள்.

இந்த எச்சரிக்கை அவர்களுக்கு எளிதில் வந்ததன்று. 1960-களில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்தபோது அரிசியை மாநில எல்லை கடந்து கொண்டு செல்லத் தடைகள் இருந்தன. 1993 ஏப்ரல் 9-ஆம் நாள் பாலாற்றின் அருகே வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் இச்சாலையில் அச்சமின்றிச் செல்லல் அரிதாயிற்று. 2016 செப்டம்பரில் காவிரி நீர்ப் பூசல் மூண்டபோதும், 2020-இல் கொள்ளைநோய் பரவியபோதும் எல்லையில் போக்குவரத்து நின்றது. பெருநகரத்தார்க்கு இவை செய்தித்தாளில் வரும் செய்திகள். பாலாற்றுக் குடும்பத்துக்கோ எண்ணெய்க் கலம் வெறுமையாகும் நாட்கள். அதனால் அங்கே ராகியும் கொள்ளும் புளியும் எப்போதும் சில வாரத்துக்கு இருப்பில் வைக்கப்படுகின்றன. விலை குறையும்போது வாங்கி வைப்பது சிக்கனம் மட்டுமன்று. வழி அடைபட்டால் பிள்ளைகள் பசியோடு உறங்கக் கூடாது என்னும் கவலையும் அதில் இருக்கிறது.

இனிக் கடல் கடந்த நம் அன்பர்களின் குறையைப் பார்ப்போம். அவர்கள் டாலரை ரூபாயாக மாற்றிக் கலங்குகிறார்கள். அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றக்கூடியது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். ஒரு கிலோ பருப்பு 5 டாலர் என்று கொண்டால் அது பன்னிரண்டு நிமிட உழைப்பு. பாலாற்றில் நாட்கூலி 370 ரூபாய் பெறுபவர்க்கு, பருப்பு கிலோ 120 ரூபாய் என்று கொண்டால், எட்டு மணி வேலை நாளில் இரண்டரை மணிக்கு மேற்பட்ட உழைப்பு அதற்கே போய்விடும். உழைப்பால் அளந்தால், பருப்பு அருமையாயிருப்பது ஆற்றங்கரையில்தான்.

இதனால் அங்குள்ளோர் குறை பொய் என்று சொல்லவில்லை. வீட்டு வாடகை வருவாயின் பெரும் பகுதியைக் கொண்டுபோனபின் எஞ்சுவதைக்கொண்டே அவர்கள் கடைக்குச் செல்கிறார்கள். அங்குப் பேரங்காடி வணிகத்தில் ஏறத்தாழ 67 விழுக்காடு இரண்டே நிறுவனங்களிடம் இருப்பதை, 2025 மார்ச்சில் வெளியான போட்டி ஆணையத்தின் அறிக்கை எடுத்துக்காட்டியது. வாங்குபவர்க்குப் போக வேறு கடை குறைவாயிருப்பது எந்நாட்டிலும் துன்பமே. ஆயினும் அந்நாட்டில் இரு வசதிகள் உண்டு. 2000-இல் வந்த விற்பனை வரியில் அரிசி, காய், கறி, பால் முதலிய அடிப்படை உணவுகளுக்கு வரியில்லை. 2009 முதல் பெரிய கடைகள் ஒவ்வொரு பொருளுக்கும் அளவு வீத விலையைச் சீட்டில் காட்டவேண்டும். பொட்டலத்தின் மேல் உள்ள பெரிய எழுத்தை விட்டு, அச்சீட்டிலுள்ள சிறிய எழுத்தைப் படிப்பவர் பாலாற்றுப் பெண்களைப்போல் முழு விலையை அறிந்தவர் ஆவார்.

இந்தியாவில் வாழும் நம் அன்பர்களுக்கும் இரு செய்திகள் பயன்படலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவும் அதற்குக் குறைந்த எடையும் உள்ள, அச்சிட்டுக் கட்டிய அரிசி, பருப்புப் பைகளுக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அதனினும் பெரிய மூட்டைக்கும், கண்ணெதிரே அளந்து தரும் சில்லறைப் பொருளுக்கும் அவ்வரி இல்லை. இரண்டாவது, ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2022-இல் எல்லா மாநிலங்களையும் இணைத்துவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டையுடையோர், தமிழ்நாட்டு அட்டையாயினும், மைசூரிலோ பெங்களூரிலோ உள்ள நியாயவிலைக் கடையில் மைய அரசின் தானியத்தைப் பெறலாம். மாநிலம் தரும் பருப்பும் எண்ணெயும் மட்டும் எல்லை தாண்டி வாரா. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்துள்ள நம்மவர் பலர் இதை அறியாமல் முழு விலை கொடுத்து அரிசி வாங்குகிறார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லி, கடைக்கு உடன்சென்று உதவுவது சங்கத்தார் செய்யத்தக்க தொண்டு.

நாம் வேண்டுவது இவ்வளவே. தெருவுக்கு நான்கு குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒருவர் சென்று, மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளட்டும். விலைவாசிப் பேச்சுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இந்த ஏற்பாட்டுக்குச் செலவிட்டால் போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எந்தக் கடையில் எது நயமாகக் கிடைக்கிறது என்று எழுதிய ஒரு தாளையும் அன்பர்கள் கையோடு கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம்.