வீடு கட்ட வைத்த கொள்ளு

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது பூலாம்பாடி. சுற்றுவட்டாரமெல்லாம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். விதைத்தவர் அறுவடை வரை காட்டை விட்டு நகர முடியாது. மனிதன் நிலையாக ஓரிடத்தில் வீடு கட்டியதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

அதன் தடயம் வடக்கே, திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள பையம்பள்ளியில் கிடைத்தது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. 3,000 ஆண்டுகளுக்கும் முந்தைய புதிய கற்கால மக்களின் குழி வீடுகள் வெளிப்பட்டன. தரையில் தோண்டிய பள்ளம்தான் வீடு. கம்பங்கள் நட்டு மேலே கூரை வேய்ந்திருக்கிறார்கள். மெருகேற்றிய கற்கோடரிகளோடு கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

வேட்டையாடுபவர் நினைத்த நேரத்தில் இடம் மாறலாம். பயிரிடுபவருக்கு அடுத்த அறுவடை வரை சாப்பிடத் தானியம் வேண்டும். விதைக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். அதை மழையும் எலியும் அண்டாமல் காக்க ஒரு கூரை தேவைப்பட்டது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே வேளாண்மை தொடங்கிய மெஹர்கரில், இன்றைய பாகிஸ்தானில், மண் செங்கல் வீடுகளோடு சிறு சிறு அறைகளாகத் தடுத்த கிடங்குகளும் கண்டெடுக்கப்பட்டன.

நம் ஊர் வீடுகளில் குதிர் இருந்ததும் இதற்காகத்தான். இப்போது மக்காச்சோளம் களத்திலிருந்தே லாரி ஏறுகிறது, பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு. அடுத்த போகத்துக்கு விதை கடையிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் குதிர் எந்த மூலையில் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.