ஊர் விட்டு ஊர் வந்த பந்தாட்டக் கழகம்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்ஸிங்கியில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் லாஹ்தி வந்துவிடும். ஏரிக்கரை ஊர். பனிச்சறுக்கு வீரர்கள் பறவை போல் அந்தரத்தில் பாயும் உயரமான மேடைகள்தாம் இதன் அடையாளம். ஆனால், வாசகர்களே, நாம் பார்க்கப் போவது அவற்றையல்ல. கிஸாபுயிஸ்டோ பந்தாட்ட மைதானத்தை!

அங்கே ஒரு சிலை நிற்கிறது. யாரி லித்மானன் என்ற ஆட்டக்காரருடையது. அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே, 2010ல், ஊரார் வைத்த சிலை! 1971ல் இதே ஊரில் பிறந்தவர். 1995ல் ஹாலந்தின் அயாக்ஸ் குழுவோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். அவரை வளர்த்தது 'ரெய்பாஸ்' என்ற உள்ளூர்க் கழகம். அவருடைய தகப்பனார் அதில் ஆடியவர். தாயாரும்தான்! அம்மாவும் பந்து உதைத்த வீடு என்றால் பிள்ளையைக் கேட்பானேன்?

'ரெய்பாஸ்' என்றால் சுறுசுறுப்பு என்று பொருள். ஆனால், அது லாஹ்தியில் பிறந்த கழகமல்ல. 1891ல் வீபுரி என்ற பழம்பெரும் நகரில் தோன்றியது. கடலோரக் கோட்டையும் கலகலப்பான கடைவீதியும் கொண்ட நகரம் அது. 1939 நவம்பரில் சோவியத் படை பின்லாந்தின் மீது பாய்ந்தது. 1940 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையில் வீபுரி கைமாறியது. ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். 1941ல் ஊர் மீண்டது. பலர் ஆசையோடு திரும்பினார்கள். 1944ல் மறுபடியும் போயிற்று. இரண்டு முறை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதென்றால், அந்த இல்லத்தரசிகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இவ்வாறு கரேலியாப் பிரதேசத்தை விட்டு வந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். வீபுரி இன்று ரஷ்யாவில் இருக்கிறது.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கம்புபோன்ற 'ரை' தானிய மாவை மெல்லிய அப்பளமாக இட்டு, அரிசிக் கஞ்சியை உள்ளே வைத்துச் சுடும் கரேலியப் பணியாரத்தைக் கொண்டு வந்தார்கள். இன்று பின்லாந்து முழுவதும் அதைச் சாப்பிடுகிறது. பந்தாட்டக் கழகத்தையும் பெயர் மாற்றாமல் லாஹ்திக்குக் கொண்டு வந்தார்கள்.

வந்த இடத்தில் ரெய்பாஸ் வேரூன்றியது. 1963, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் தேசிய சாம்பியன் ஆயிற்று. பின்லாந்துக் கோப்பையை ஏழு தடவை வென்றது. அவற்றில் ஆறு, 1972க்கும் 1978க்கும் இடையில்!

ஒரே ஊரில் 'கூஸிஸி' என்று இன்னொரு குழுவும் எழுந்தது. பங்காளிப் போட்டி பலமாக நடந்தது. கடைசியில், 1996ல் இரண்டையும் சேர்த்து 'லாஹ்தி' என்ற பெயரில் ஒரே குழுவாக்கினார்கள். யுத்தம் ஊரைப் பறித்தபோதும் விடாமல் காத்த பெயரை, சமாதான காலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய ரசிகர்களுக்கு வருத்தம் இராதா?

ஆனாலும் ஒன்று. அகதிகளாய் வந்தவர்களின் கழகத்தில் வளர்ந்த பையன், பிற்பாடு அந்தப் புதிய குழுவுக்கும் ஆடினான். அவன் சிலை நிற்பது லாஹ்தியில்தான். வந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?