ஆயாக்கொட்டகைக்குப் பிறகு

மலேசியாவின் செலண்டாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் மரம் நின்ற காலத்தில் விடியுமுன்னே பெரட்டு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் நேரம். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் முதலில் போனது ஆயாக்கொட்டகைக்குத்தான். உத்திரத்தில் சேலைத் தூளிகள், கீழே பாயில் தவழும் பிள்ளைகள். நடை வராத பிள்ளையும் பேச்சு வராத பிள்ளையும் அதே பாயில்தான் கிடந்தன. யாரையும் ஒதுக்கவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லையே, காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க அங்கே ஆளில்லை. பிள்ளை விழாமல், பசிக்காமல் பார்த்துக்கொள்வதே ஆயாவுக்குப் பெரும்பாடு.

பிறகு செம்பனை வந்தது, குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. 1984-இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. இன்று தமிழ்ப்பள்ளி வளாகத்துப் பாலர்பள்ளி வகுப்பில் அதிகபட்சம் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். 2019 முதல், குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் அரசாங்கப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வியமைச்சின் கொள்கை.

கதவு திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது?

சபைகூடலின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். அதட்டினால் அழுகை கூடும். விவரமறிந்த ஆசிரியர் சுவரில் நான்கு படங்களை வரிசையாக ஒட்டுவார்: பை, குழாய், தட்டு, பாய். பையை வைத்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்துவிட வேண்டும்; அடுத்து கை கழுவ வேண்டும் என்று படமே சொல்லிவிடும். அடுத்தது என்னவென்று தெரிந்துவிட்டால் பயம் பாதி அடங்கும். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தப் படங்கள் உதவும். இதற்குப் பெரிய செலவில்லை. பயிற்சியும் பொறுமையும் வேண்டும், அந்த ஆசிரியருக்குத் துணையாக இன்னொரு கையும் வேண்டும்.

ஆனால் பாலர்பள்ளிக்கு வரும் நான்கு வயதுவரை காத்திருப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஒன்றரை வயதில் அரசாங்கக் கிளினிக்கில் தாயிடம் ஒரு கேள்விப் பட்டியல் கொடுப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, பிடித்ததை விரலால் காட்டுகிறானா என்றெல்லாம் அதில் இருக்கும். அவசரத்தில் யோசிக்காமல் பதில் குறித்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் கைநழுவிவிடலாம். “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு” என்று பாட்டி அன்போடு சொல்லும் ஆறுதலும் அதே காலத்தைத் தின்றுவிடும்.

பேச்சு தாமதமானால், வீட்டில் தமிழை விட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. தமிழ் மட்டுமே சரளமாக வரும் பாட்டியை வாயடைத்து உட்காரவைத்தால், நாள் முழுக்கப் பிள்ளையோடு பேசக்கூடிய ஒரே ஆளையும் வீடு இழந்துவிடும். பேச்சுப் பயிற்சியாளர் மலாயில் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் தமிழில் செய்யலாமா என்று பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, கோழியைக் காட்டும்போது, தாராளமாகச் செய்யலாம்.