சப்பையான இந்தியா, பூதாகார இலங்கை

பழைய வரைபடம் சேர்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அதிலும் தப்பாக வரைந்ததுதான் பிடிக்கும்.

சுவரில் தொங்குவது 1540இல் பாசல் நகரில் வரைபடக்காரர் மூன்ஸ்டர் வெளியிட்ட, பழங்காலப் புவியியலாளர் தாலமியின் நூலிலுள்ள ‘தப்ரபேன்’, அதாவது இலங்கை. நகல்தான், அசலுக்கு நமக்கேது வசதி! இலங்கை நிஜத்தைவிடப் பல மடங்கு பெரிது. போதாததற்கு ஒரு யானை வேறு. தாலமியின் கணக்கில் இந்தியாவுக்கு முனையே இல்லை, கடற்கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்தபடி, வணிகர்களும் மாலுமிகளும் சொன்னதைக் கேட்டுக் குறித்தவர். ஆனாலும் கொற்கை ‘கொல்கோய்’ என்றும் மதுரை ‘மொதூரா’ என்றும் அவர் பட்டியலில் இருக்கின்றன!

பழைய வரைபடம் வாங்கப் போகிறீர்களா? பூதக்கண்ணாடியோடு போங்கள். கோடுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு.